தோட்டத்தில் மாடலோடு போர்ட்ரெய்ட் (முகப்படம்) போட்டோ எடுக்கும் வகுப்பா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

"மாடலை வைத்து வெளிப்புறப் பயிற்சி, ஒவ்வொருவருக்கும் தனிக் கவனம்" என்ற விளம்பரத்தை நம்பி முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். அங்கே யாரும் எதையும் சொல்லித்தரவில்லை.

சாயங்கால வெயிலில் வகுப்பு என்றார்கள். முந்தின இரவு நேரத்தை மாற்றி, உச்சிவேளைக்கு வரச்சொன்னார்கள். அந்த நேரத்தில் வெளிச்சம் நேராகத் தலைமேல் விழும். கண்குழி கறுத்துவிடும், மூக்கின் நிழல் உதடுவரை இறங்கும். சரி, ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் தட்டு) பிடித்து இதைச் சமாளிக்கப் பயிற்சியாளர் கற்றுத்தருவார் என்று பார்த்தால், மாடலாக வந்த பெண்ணைப் புல்வெளி நடுவே நிறுத்திவிட்டு எல்லோருக்கும் ஒரே கேமரா செட்டிங் சொன்னார்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 1.8, ஷட்டர் 1/200 நொடி. எஃப் 1.8 என்றால் லென்ஸ் அகலமாகத் திறந்திருக்கும்; அந்த வெயிலில் ஷட்டர் 1/8000 நொடி பக்கம் போகவேண்டும், இல்லையென்றால் வெளிச்சம் மிஞ்சிவிடும். படத்தில் முகமே இல்லை, வெறும் வெள்ளை. ஏன் என்று கேட்டதற்கு, "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றார். முழுசாக வெளுத்துப்போன இடத்தில் விவரமே பதிவாகியிருக்காது. எடிட்டிங்கில் எதை மீட்பது?

அப்புறம் மரத்தடிக்குப் போனோம். இலை இடுக்கு வழியாக வெயில் கன்னத்தில் திட்டுத் திட்டாக விழுந்தது. தாடைக்குக் கீழே புல்லின் பச்சை ஏறியிருந்தது. காலடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தாலே பாதி குறைந்திருக்கும். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த மாடலை நடத்திய விதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு கூட்டமே சுற்றி நின்று ஆளாளுக்கு "இங்க பாருங்க" என்று கூப்பிட்டது. கண் கூசி நீர் வழிந்தபோதும் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. உடை மாற்ற மறைவான இடம்கூட இல்லை. படங்களைத் தாராளமாகப் பொதுவில் போடலாம் என்று பயிற்சியாளர் அறிவித்தார். மாடலிடம் தனியாகக் கேட்டேன். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, எதிலும் கையெழுத்து வாங்கவில்லை என்றார். நான் எடுத்த எதையும் வெளியிடவில்லை. அங்கே வந்தவர்கள் யாராவது போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "வகுப்புதான் நடந்துவிட்டதே" என்கிறார்கள்.

இதுபோன்ற வகுப்பில் சேருமுன் எந்த நேரம், ஒரு மாடலுக்கு எத்தனை பேர், நேரம் மாறினால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாடலின் சம்மதப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.