லோரா அளவீட்டில் சிக்லென்ட் எஸ்.எஸ்.ஏ.3021எக்ஸ் பிளஸ்: அலைவரிசை அகல அமைப்பு குறித்து

கோவை கணபதியில் உள்ள எங்கள் பட்டறையில், ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளின் சொட்டுநீர் வால்வுகளைத் தொலைவிலிருந்து திறந்து மூடும் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செல்லும் வானொலி முறை) கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்கிறோம். உரிமம் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் அவை இயங்குகின்றன. அவற்றின் ஒலிபரப்பைச் சோதிப்பதற்காக வாங்கிய ஸ்பெக்ட்ரம் அனலைசர்தான் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு திறன் இருக்கிறது என்று திரையில் காட்டும் கருவி) இந்த சிக்லென்ட். இதன் அளவீட்டு எல்லை 9 கிலோஹெர்ட்ஸ் முதல் 2.1 கிகாஹெர்ட்ஸ் வரை என்பதால் எங்கள் வேலைக்குப் போதுமானது. ஆயினும் இதை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதுவன்று. அலைவரிசை அகலம் தொடர்பான அமைப்புகள் அனைத்தும் பி.டபிள்யூ. என்ற ஒரே பொத்தானுக்குள் அடங்கியிருப்பதே ஆகும்.

ஆர்.பி.டபிள்யூ. எனப்படும் பிரித்தறியும் அகலத்தை, அதாவது அருகருகே உள்ள அலைகளைப் பிரித்துக் காட்டும் வடிகட்டியின் அகலத்தை, 1 ஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை 1, 3, 10 என்ற படிகளில் வைக்கலாம். அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் திரையின் இரைச்சல் தளம் (அலை ஏதும் இல்லாதபோதும் தெரியும் அடிமட்டம்) 10 டெசிபெல் இறங்கும் என்பது பலருக்கும் தெரியும். அதனாலேயே 'சிறிதாக வைப்பது நல்லது' என்ற எண்ணம் எங்களிடமும் ஊறியிருந்தது. அந்த எண்ணம் லோராவில் எங்களுக்கு இரண்டு நாள் வேலையை வீணாக்கியது.

லோரா அலை ஓரிடத்தில் நிற்பதில்லை. பரவல் காரணி (ஒவ்வொரு துடைப்பும் எவ்வளவு நேரம் நீளும் என்பதை முடிவுசெய்யும் எண்) 7 ஆக இருக்கும்போது, ஏறத்தாழ 1 மில்லி விநாடிக்குள் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தையும் அது துடைத்துச் செல்கிறது. ஆர்.பி.டபிள்யூ.வை 3 கிலோஹெர்ட்ஸில் வைத்தால், அந்த வடிகட்டியை அலை கடக்க எடுக்கும் நேரம் சுமார் 25 மைக்ரோ விநாடி. வடிகட்டி முழு உயரத்துக்கு எழும்புவதற்கோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான நேரம் வேண்டும். எனவே திரையில் தெரியும் உச்சம் உண்மையான திறனைவிட ஏறத்தாழ 8 டெசிபெல் குறைவாக நின்றது. ஒலிபரப்பி பலவீனமாக இருக்கிறது என்று கருதி ஆன்டெனா பொருத்தத்தையெல்லாம் மாற்றிப் பார்த்தோம். 100 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி, உச்சத்தைப் பிடித்துவைக்கும் மேக்ஸ் ஹோல்டில் விட்டபோதுதான் சரியான அளவு கிடைத்தது. பரவல் காரணி 12-இல் அதே துடைப்புக்கு 33 மில்லி விநாடி ஆவதால், 3 கிலோஹெர்ட்ஸே அங்கே தாங்குகிறது. உச்சத்தை அளக்கும்போது, திரைக்கோட்டைச் சீராக்கும் வடிகட்டியின் அகலமான வி.பி.டபிள்யூ., ஆர்.பி.டபிள்யூ.வைவிடக் குறையாமல் இருப்பதும் முக்கியம். குறைந்தால் உச்சங்கள் மழுங்கிவிடும். இரண்டுக்குமான விகிதத்தையும் இதே பட்டியலில் வைத்துக்கொள்ளலாம்.

குறுகிய அகலம் தேவைப்படும் இடமும் உண்டு. ஒலிபரப்பியை ஒரே அதிர்வெண்ணில் தொடர் அலையாக ஓடவிட்டுச் சோதித்தபோது, மின்வழங்கியின் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை அதன் இருபுறமும் சிறு துணை அலைகளாக ஏறியிருந்தது. சமமான இரண்டு அலைகளைப் பிரிக்க அவற்றின் இடைவெளி அளவுக்கு ஆர்.பி.டபிள்யூ. இருந்தால் போதும். ஒன்று மற்றொன்றைவிட 40 டெசிபெல் தாழ்ந்திருக்கும்போது அது போதாது. வடிகட்டியின் சரிவுக்குள் சிறிய அலை மறைந்துவிடும். 100 ஹெர்ட்ஸில் தெரியாத துணை அலைகள் 10 ஹெர்ட்ஸில் தெளிவாக விலகி நின்றன. ஆனால் 866 மெகாஹெர்ட்ஸில், ஒலிபரப்பியின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகத்தின் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் அது 866 ஹெர்ட்ஸ் ஆகும். அதனால் ஒலிபரப்பியை அரை மணி நேரம் சூடேறவிட்டு, 5 கிலோஹெர்ட்ஸ் ஸ்பேனில் (திரை காட்டும் மொத்த அதிர்வெண் பரப்பு) தொடங்குவது நல்லது.

குறை என்று நான் கருதுவது, மின்காந்த இடையூறு சோதனைக்கான, 6 டெசிபெல் இறங்கும் புள்ளியில் அகலம் சொல்லப்படும் வடிகட்டிகளும், இடையூறு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் கணக்கில் கொள்ளும் குவாசி பீக் உணரியும் தனி உரிமமாக விற்கப்படுவதே. பம்புசெட் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ஸ்டார்ட்டர் செய்யும் நம் பகுதிப் பட்டறைகளுக்கு 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 9 கிலோஹெர்ட்ஸ் வடிகட்டி அவசியம். அதற்குப் பதிலாக வழக்கமான 10 கிலோஹெர்ட்ஸை வைத்து ஒப்பேற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வழக்கமான வடிகட்டியின் அகலம் 3 டெசிபெல் புள்ளியில் சொல்லப்படுவதால், 6 டெசிபெல் கணக்கில் அது சுமார் 14 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடுகிறது. துடிப்பு வகை இரைச்சலின் உச்சத்தை அது கிட்டத்தட்ட 4 டெசிபெல் கூட்டிக் காட்டும். நல்ல டிரைவ் ஒன்றைத் தவறாகத் தள்ளிவிட அது போதும். டிரைவ் சோதனை செய்பவர்கள் அந்த உரிமத்தின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இது மேசைக் கருவி என்பதால் தோப்புக்கு நாங்கள் எடுத்துச் செல்வது பேட்டரியில் ஓடும் டைனிஎஸ்ஏ அல்ட்ரா என்ற கையடக்க அனலைசரைத்தான். அதன் ஆர்.பி.டபிள்யூ. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. லோரா உச்சத்தை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம், சிற்றலைச் சோதனைக்குப் பெட்டியைக் கழற்றிக் கணபதிக்குக் கொண்டுவர வேண்டும்.