ஆத்தங்குடித் தரையில் எட்டு வருடம்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் குனிந்து பார்ப்பார்கள். "அட, ஆத்தங்குடிக் கல்லா!" என்பார்கள். உடனே அடுத்தது: "பராமரிப்பு ரொம்பக் கஷ்டமாமே?" இந்த இரண்டாவது கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒருதரம் உட்கார்ந்து முழுசாக எழுதிவிடுகிறேன்.

2017இல் திருச்சியில் 1,150 சதுர அடியில் வீடு கட்டினோம். கணவருக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். செட்டிநாட்டுப் பெரிய வீடு எதுவும் எங்களுக்குச் சொந்தமில்லை. அவருடைய தாத்தா அப்படி ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளை, அவ்வளவுதான். அந்த வீட்டை என் கணவர் முகப்பு வழியாகப் பார்த்து வளர்ந்தவர். என் மாமியார் பார்த்தது பின்கட்டு வழியாக. தரைக்கு ஆத்தங்குடி, ஹாலில் ஊஞ்சல், நாலடி உயரக் குத்துவிளக்கு என்று நாங்கள் பட்டியல் போட்டபோது அத்தை ஒன்றுதான் கேட்டார்: "அந்த வீட்டுல இதையெல்லாம் தேய்க்கத் துடைக்கவே எட்டுப் பேர் இருந்தாங்க. இங்க யாரு இருக்கா?"

எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த அனுபவம் எல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் தரை. ஹால், பூஜை அறை, முன் வராந்தா மூன்றிலும் ஆத்தங்குடி போட்டோம். சமையலறைக்கு அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அது எவ்வளவு சரி என்பது பிற்பாடு புரிந்தது. கல் வாங்கும்முன் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆத்தங்குடிக்கே போய்ப் பட்டறையில் ஒரு பகல் முழுக்க நின்று பார்த்தோம். ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சிமெண்டில் நிறப்பொடி கரைத்த கூழை அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவையை வைத்து அழுத்திச் சமன் செய்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியோடு சேர்ந்து காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறி, கடைசியில் கண்ணாடி கழன்று வருகிறது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. மேலே மெருகு என்று எதையும் பூசுவதில்லை.

இதை நேரில் பார்த்ததால் இரண்டு விஷயங்கள் மண்டையில் ஏறின. ஒன்று, நிறம் இருப்பது மேலே ஒரு மெல்லிய அடுக்கில் மட்டும்தான். அதனால் மொசைக் தரைக்குப் போடுவதுபோல மெஷின் பாலிஷ் போட்டால் பூவே தேய்ந்துபோகும். இரண்டு, இது சுட்ட ஓடு அல்ல, சிமெண்ட். சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது.

எனக்குப் புரிந்ததை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டைக் கழுவ வந்த ஆட்கள், மற்ற வீடுகளில் செய்கிற மாதிரியே சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். நான் அப்போது வங்கியில் இருந்தேன். வந்து பார்த்தால் வராந்தாவில் மூன்றடிக்கு நாலடி இடம் சாம்பல் பூத்துக் கிடந்தது. சிவப்பெல்லாம் வெளிறிய செங்கல் நிறம். கையால் தடவினால் மணல் நெருடியது. அவர்களைத் திட்டியும் பயனில்லை; சாதாரண டைல்ஸுக்கு அது வழக்கமான வேலைதான். நீங்கள் இந்தக் கல் போடுவதாக இருந்தால், பதிக்கிற கொத்தனாரிடம் மட்டும் பேசி நிறுத்திக்கொள்ளாதீர்கள். பெயிண்டர், பிளம்பர், கடைசியில் கழுவ வருகிறவர் வரை எல்லோரிடமும் சொல்லுங்கள். கதவில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

கொத்தனார் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் உள்ளூர் ஆளை வைத்துத்தான் ஆரம்பித்தோம். அவர் வழக்கமான டைல்ஸ்போல இடைவெளி விட்டுப் பதிக்கப் பார்த்தார். இந்தக் கல்லை நெருக்கிப் பதிக்க வேண்டும். கையால் செய்வதால் ஒவ்வொன்றும் கனத்தில் ஒரு நூல் கூடக் குறைய இருக்கும். அடியில் கலவையைக் கூட்டிக் குறைத்துத்தான் மட்டம் பிடிக்க முடியும். அரை நாளிலேயே அவர், "அக்கா, இது நமக்குச் சரிப்படாது" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரைக்குடியிலிருந்து ஆள் வந்து பதித்தார்கள். கூலி கிட்டத்தட்ட கல்லின் விலைக்கே வந்தது.

முதல் மூன்று மாதம் வெள்ளையாக உப்புப் பூத்தது. பயந்துவிட்டேன். சிமெண்ட் உலர உலர அப்படித்தான் வருமாம்; உலர்ந்த துணியால் துடைத்துத் துடைத்து நின்றுபோயிற்று. துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடச் சொன்னார்கள். ஆர்வத்தில் நான் ஒரு கரண்டி விட்டு, தூசியெல்லாம் ஒட்டி, கணவர் ஒருதரம் வழுக்கி விழுந்து, அதன்பிறகு அளவு தெரிந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு எண்ணெயும் வேண்டியிருக்கவில்லை. தினமும் வெறும் தண்ணீர், அவ்வளவுதான். பராமரிப்பு கஷ்டமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: கஷ்டமில்லை, ஆனால் ஒருநாள் விடாமல் துடைக்க வேண்டும். கால் படப்படத்தான் மெருகு ஏறுகிறது. நாங்கள் அதிகம் நடக்கிற பாதையில் முகம் தெரிகிறது. பீரோவுக்குப் பக்கத்து மூலை இன்னும் மந்தமாகவே இருக்கிறது. ஆசிட் பட்ட இடம்கூட இப்போது பாதி தேறிவிட்டது.

கறைகள் இருக்கின்றன. ஆயுத பூஜைக்குக் குங்குமம் தடவி வைத்த எலுமிச்சம்பழம் ஒருநாள் இரவு முழுக்கக் கசிந்து, பூஜை அறை வாசலில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளுப்பு விழுந்துவிட்டது. இன்னொரு இடத்தில் இரும்பு தோசைக்கல் விழுந்து ஓரம் உடைந்தது. அந்த ஒரு கல்லை மாற்றப் போய்ப் பக்கத்துக் கல்லும் உடைந்தது. புதிதாக வாங்கினால் நிறம் ஒத்துப்போகாது. அதனால் வாங்கும்போதே இருபது கல்லாவது கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இப்போது பதினொன்று மிச்சம்.

சுகம் என்றால் சித்திரை மாத மதியம். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். மின்விசிறிக்குக் கீழே வெறும் தரையில் படுத்தால் முதுகில் ஏறுகிற குளுமைக்கு ஈடே இல்லை. மார்கழியில் அதே குளிர் அத்தையின் மூட்டுக்கு எதிரியாகிவிடும். அப்போது பவானி ஜமக்காளம் விரிப்போம்.

வாங்கியதிலேயே செலவும் தொல்லையும் குறைவு, நாள்பட உழைத்தது என்றால் அந்த ஜமக்காளம்தான். பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும் தடித்த பருத்தி நெசவு. சோபாவே வாங்காமல் இதை வைத்து இரண்டு வருடம் ஓட்டினோம். விருந்தாள் வந்தால் விரிப்பு, கொலுவுக்குப் பாட்டுப் பாட வருகிறவர்களுக்கு விரிப்பு, மொட்டை மாடியில் நிலாச்சோறுக்கு விரிப்பு. எட்டு வருடத்தில் ஓர் ஓரம் மட்டும் பிரிந்தது, நானே தைத்துவிட்டேன். முதல் இரண்டு சலவைக்குச் சாயம் போகும், தனியாக நனைக்க வேண்டும். ஜமக்காளம் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்ட ரகங்களில் ஒன்று. 1985இல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனாலும் விசைத்தறியில் நெய்தது பவானி என்ற பெயரில் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அப்படி ஒன்றைத் தெரியாமல் வாங்கி ஏமாந்தேன். கையில் எடுத்தாலே லேசாக இருந்தது. ஒன்றரை வருடத்தில் நடுவில் நைந்துவிட்டது.

சரி, குத்துவிளக்குக்கு வருகிறேன். நாச்சியார்கோவிலிலேயே போய் வாங்கிய நாலடி விளக்கு, உச்சியில் அன்னம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் பத்தர்கள் காவிரி மணலில் அச்சுப் பிடித்து வார்க்கிறார்கள். அடிப்பாகம், தண்டு, அகல், அன்னம் எல்லாம் மரையில் திருகிக் கழற்றலாம். வாங்கும்போது இந்த மரையைத்தான் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டி நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்த்தே எடுங்கள். கடையில் லேக்கர் பூசிய விளக்கு ஒன்றும் காட்டினார்கள். "இதைத் தேய்க்கவே வேண்டாம்" என்றார்கள். நான் அதில் கிட்டத்தட்ட விழுந்துவிட்டேன். அத்தை, "ஏற்றாத விளக்குக்கு அது சரி, ஏத்துனா பூச்சு கருகிரும்மா" என்று தடுத்துவிட்டார். அப்படிப்பட்ட விளக்கைப் பக்கத்து வீட்டில் இப்போது பார்க்கிறேன்: அகலைச் சுற்றிப் பழுப்புத் திட்டுத் திட்டாகப் பூச்சு உரிந்து நிற்கிறது.

ஆனால் பித்தளைக்குப் புளி வேண்டும், தரைக்குப் புளி ஆகாது! முதல் வெள்ளிக்கிழமையே இந்த இரண்டுக்கும் சண்டை வந்தது. விளக்கை ஹாலிலேயே வைத்துத் தேய்க்க உட்கார்ந்தேன். புளிக்கரைசல் ஒழுகி ஒரு பூவின் இதழ் வெளுத்தது. அன்றிலிருந்து விளக்கை ஐந்து பாகமாகக் கழற்றித் துணி துவைக்கிற கல்லுக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். எண்ணெய் சொட்டாமலிருக்க அடியில் தாம்பாளம். பெரிய வீடுகளில் இந்த வேலைக்கு முற்றம் இருந்தது. நமக்கு மூன்றடி அகலப் பின்சந்து.

ஊஞ்சல் பலகை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வாங்கினோம். பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. எந்தப் பலகையைத் தொட்டாலும் பர்மா தேக்கு என்பார்கள், பாதியை நம்பலாம். எங்கள் பலகை ஐந்தரை அடி. தனியாகத் தூக்க முடியாது. யானையும் கிளியும் கோத்த பித்தளைச் சங்கிலி பலகையைவிட விலை அதிகம். கான்கிரீட் போடும் முன்பே உத்தரக் கம்பியோடு சேர்த்துக் கொக்கிகளைக் கட்டிவிட்டார் பொறியாளர். அதுவரை சரியாகச் செய்துவிட்டு, ஆடுகிற திசையில் கோட்டை விட்டோம். ஹாலின் அகலவாக்கில் ஆடும்படி மாட்டிவிட்டதால், வீசி ஆடினால் முழங்கால் டிவியில் இடிக்கும். இப்போது அரையடிக்கு மேல் ஆடுவதில்லை. ஊஞ்சல் என்பதைவிட மெதுவாக அசைகிற பெஞ்சு என்று சொல்லலாம். ஹால் நீளவாக்கில் ஆடும்படி கொக்கி வையுங்கள், முன்னும் பின்னும் ஐந்தடி விடுங்கள். வருடம் ஒருமுறை சங்கிலிக் கண்ணிகள் உரசும் இடத்தைப் பாருங்கள், பித்தளை தேயும். இரண்டு கண்ணிகளை மாற்றியிருக்கிறோம். இத்தனை குறை இருந்தும் வீட்டில் அதிகம் உட்காரப்படுகிற இடம் அதுதான். அத்தைக்குக் காலை காபியும், செய்தித்தாளும், மதியத் தூக்கமும் அதில்தான்.

அதே தெருவில் வாங்கிய இன்னொன்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. கஜலட்சுமி செதுக்கிய நிலைப்படியின் மேல்கட்டை. கண்ணாடி போட்டுக் காபி மேஜையாக்கலாம் என்று யாரோ செய்திருந்த படத்தைப் பார்த்து ஆசைப்பட்டேன். மேஜை வந்த அன்றே அத்தை, "லட்சுமி மேலயா டம்ளர் வைப்பே? நடுவாசல்ல தலைக்கு மேல இருந்தவ அவ" என்றார். என்னிடம் பதில் இல்லை. செதுக்குக்குள் தூசி அடையும், இரண்டாம் வருடம் உளு விழுந்து மாவு கொட்டியது, மருந்து அடித்தோம். இப்போது சுவரில் உயரத்தில் இருக்கிறது.

கட்டையின் பின்பக்கம் சுண்ணாம்பில் ஏதோ எண் எழுதியிருந்தது. வீட்டைப் பிரிக்கும்போது போட்ட எண். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அங்கே செட்டியார்கள் நடத்திவந்த வட்டித் தொழில் முறிந்தது. அப்புறம் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள், ஓடு மாற்றக்கூட ஒத்துவராத கணக்கு. பிரித்து விற்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நான் ஆசையாக வாங்குகிற ஒவ்வொரு தூணும் இன்னொரு வீடு பிரிவதற்கு ஒரு காரணம்தானே என்ற உறுத்தல் வந்துவிட்டது. அதன்பிறகு பழசு வாங்குவதை நிறுத்திவிட்டோம். இன்று உட்கார்ந்து செய்கிறவரிடம் வாங்குவது என்று முடிவு.

அப்படி வாங்கியதில் பத்தமடைப் பாய் இரண்டு. தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்தது. பெயர் நெய்த மெல்லிய பட்டுப்பாயைச் சுவரில் மாட்டினேன். ஜன்னல் வெயில் பட்டு நாலு வருடத்தில் சிவப்பு இளஞ்சிவப்பாகிவிட்டது. சாதாரணப் பாயில் தினமும் படுக்கிறோம். அது நன்றாக இருக்கிறது. பாயைச் சுருட்டத்தான் வேண்டும், மடித்தால் கோரை முறியும். ஐப்பசி மழையில் பரணில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பூம்புகார் என்ற அரசுக் கைவினைக் கடையில் வாங்கிய தஞ்சாவூர் ஓவியத்தை மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டியது என் தவறு. ஓதத்தில் தங்கத்தாளுக்கு அடியிலிருக்கும் மக்கு என்கிற பசைப்பூச்சு ஓரிடத்தில் உப்பிவிட்டது. உள்சுவருக்கு மாற்றி, பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துச் சுவரைத் தொடாமல் மாட்டியபின் வேறு தொந்தரவு இல்லை. எனாமல் பூசிய மங்குச் சாமான்கள் பற்றி அதிகம் இல்லை: பார்க்க அழகு, விளிம்பில் சில்லு போனால் துரு. பூச்செடி வைத்திருக்கிறேன்.

மகளுக்குப் போன மாதம் பெங்களூரில் வேலை கிடைத்தது. வாடகை வீடு, இரண்டாவது மாடி. "ஊஞ்சலை எடுத்துட்டுப் போறேன்" என்றாள். கொக்கி இல்லை, இடமில்லை, வீட்டுக்காரர் விடமாட்டார் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை பலகையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "ஜமக்காளத்தை எடுத்துட்டுப் போ. முதல் ரெண்டு சலவைக்குச் சாயம் போகும்னு உங்கம்மா சொல்லுவா, அது பழசு, போகாது" என்றார்.