யுனிவர்சல் ஸ்டுடியோஸில் அம்மாவுக்கு எங்கே சாப்பாடு?

சிங்கப்பூர் போவது என்று முடிவானதுமே பிள்ளைகள் இருவரும் எந்தெந்த ரைடில் ஏறுவது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போட்டது சாப்பாட்டுக் கணக்கு. அம்மாவும் கூட வந்தார். 68 வயது, சுத்த சைவம், முட்டை வாசனைகூட ஆகாது. இருபது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் தட்டு முன்னால் வந்தாக வேண்டும். செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தோம். அந்த நாளை நினைத்துத்தான் திருச்சியில் விமானம் ஏறும்போதே எனக்குக் கவலை.

முதல் நாள் ராத்திரி, தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவு அங்காடி. இறைச்சி வேண்டாம் என்று சொல்லி அம்மாவுக்குக் காய்கறி நூடுல்ஸ் வாங்கினேன். இரண்டாவது வாயிலேயே தட்டைத் தள்ளிவிட்டார். காய்ந்த இறால் போட்டு அரைத்த மிளகாய் விழுது. கடைக்காரர் என்ன செய்வார் பாவம், நான் கேட்டது அப்படி. அந்த ஊர்ச் சமையலில் இறாலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் உப்பு மாதிரி. 'இறைச்சி இல்லை' என்றால் அது சைவம் ஆகிவிடாது. அன்று வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டுப் படுத்தார் அம்மா. எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு முட்டை, மீன், இறால், சாறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்காமல் எதுவும் வாங்கவில்லை.

மறுநாள் காலை நேராக லிட்டில் இந்தியா, சிராங்கூன் சாலை, கோமள விலாஸ். 1947-இல் ஆரம்பித்த கடை. இட்லி, தோசை, நுரை நிற்கும் காபி. தோசை ஓரம் முறுகி, நடுவில் மெத்தென்று இருந்தது. அம்மா இரண்டாவது தோசை கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. செந்தோசா போகிறவர்கள் காலைச் சாப்பாட்டை லிட்டில் இந்தியாவில் முடித்துக்கொள்வது நல்லது என்பதற்கு ருசி மட்டும் காரணமில்லை. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் ஊதா நிற வடகிழக்குத் தடத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் நிலையம். மேலேயே விவோசிட்டி வணிக வளாகம். அதன் மூன்றாவது தளத்தில் தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திரும்பி வர டிக்கெட் தேவையில்லை. முதல் நிறுத்தத்தில் இறங்கினால் யுனிவர்சலின் பெரிய உலக உருண்டை கண்ணுக்குத் தெரிகிறது. முட்டி வலி உள்ளவர்களுக்கு இப்படி அதிகம் மாறாமல் போகும் பாதை பெரிய விஷயம்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள். அம்மாவின் பிஸ்கட்டையும் சர்க்கரை குறைந்தால் போட்டுக்கொள்ளும் மிட்டாயையும் வாசலிலேயே காட்டி, மருத்துவக் காரணம் என்று சொன்னோம். சரி என்று விட்டார்கள்.

இனி முக்கியமான விஷயம், மதியச் சாப்பாடு. ஒரு குளத்தைச் சுற்றிப் பகுதி பகுதியாகப் பிரித்த பூங்கா அது. வாசலுக்கு எதிர்ப்பக்கம் பழங்கால எகிப்து. அங்கே இருக்கிறது ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபே. இந்திய, அரபுச் சமையல், ஹலால் கடை. பெரும்பாலானவர்கள் வாசலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அங்கே வந்து சேர ஒரு மணி ஆகிவிடும். நாங்கள் பத்து மணிக்குக் கதவு திறந்ததும் நேராக எகிப்துக்கே நடந்துவிட்டோம். மகனும் நானும் முதலில் மம்மி ரைடு. இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டர் அது, 122 செ.மீ. உயரம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்கள். வயிறு நிறைந்தபின் அதில் ஏறுவது நல்லதில்லை, அதனால் முதலில் அது, பிறகு சாப்பாடு. அதுவரை மனைவியும் மகளும் அம்மாவோடு நிழலில் இருந்தார்கள்.

பதினொன்றரைக்கு உள்ளே போனோம். பாதி மேசைகள் காலி. நாங்கள் போன அன்று சைவத்துக்கு சோறு, பருப்பு, பனீர் குழம்பு, நான் ரொட்டி கிடைத்தன. வடக்கத்திச் சமையல்தான், நம் ஊர்ச் சாப்பாட்டை எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் பருப்பு சூடாக இருந்தது, சோறு குழையாமல் உதிரியாக இருந்தது. எண்ணெய் மட்டும் கொஞ்சம் தூக்கல். அம்மா பனீரை எங்களிடம் தள்ளிவிட்டுப் பருப்பும் சோறும் பிசைந்து நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு அது போதும். மகன் கேட்ட தந்தூரிக் கோழியும் அங்கேயே கிடைத்ததால் குடும்பத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டியதில்லை. விலை, லிட்டில் இந்தியாவில் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. குளிர்ந்த இடம், ஒரு மணி நேரம் யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாமே என்று மனைவி கேட்டார். வரலாம்தான். ஆனால் வெயிலில் வாசல் வரை நடை, ரயில், சாப்பாடு, மறுபடி ரயில் என்று குறைந்தது இரண்டு மணி நேரம் போய்விடும். வயதானவர்களை அப்படி அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மணிக்கு மழை கொட்டியது. சிங்கப்பூரில் மதிய மழை வழக்கம்தான். இடி இடித்தால் வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுகிறார்கள், அத்தனை கூட்டமும் கூரை இருக்கும் இடத்தைத் தேடி ஓடுகிறது. சாப்பாட்டுக் கடைகளின் வரிசை வெளியே வரை நீண்டதைப் பார்த்தேன். கையில் தட்டுடன் குழந்தையையும் வைத்துக்கொண்டு மேசைக்காக நின்றிருந்தார் ஒரு தாத்தா. அந்த நேரத்தில் அம்மா மாத்திரை போட்டு, சாப்பிட்டு முடித்து, செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளோடு பேத்தி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலச் சிற்றுண்டிக்கு மகள் பீட்சா கேட்டாள். நியூயார்க் பகுதியில் லூயிஸ் பீட்சா பார்லர் இருக்கிறது, துண்டு துண்டாகத் தருகிறார்கள். ஒரு துண்டே ஆறு வயதுப் பிள்ளைக்கு அதிகம், மீதியை நான் முடித்தேன். இன்னொன்று: தண்ணீர்ப் படகு ரைடில் தொப்பலாக நனைந்துவிட்டு ஏசி கடைக்குள் நுழைய வேண்டாம். மகன் பத்து நிமிடத்தில் நடுங்க ஆரம்பித்துவிட்டான், மாற்றுச் சட்டை இருந்ததால் தப்பித்தோம்.

ராத்திரி மறுபடி அதே ஊதாத் தடம், லிட்டில் இந்தியா. 1924-லிருந்து இருக்கும் ஆனந்த பவனில் உட்கார்ந்தோம். இலையைப் பார்த்ததும் அம்மா, "தயிர் இருக்கான்னு கேளுடா" என்றார். இருந்தது.