ஏழு டிராயர், எட்டரை வருடம்: டர்பன் உப்புக்காற்றில் என் டூல் செஸ்ட்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய இசிப்பிங்கோவில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் தெரியாது. ஆனால் கடலின் உப்பு தினமும் வீட்டுக்கு வந்து போகும். கேட்டின் கீல், ஜன்னல் கம்பியின் மூலை, துணி காயப்போடும் கம்பி என்று எல்லாம் பழுப்பேறி நிற்பதைப் பார்த்தாலே தெரியும். நான் வேலை பழகிய கோயம்புத்தூர்ப் பட்டறையில் சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து, ஆணியில் மாட்டி வைத்திருப்போம். எது காணோம் என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். டர்பன் வந்த புதிதில் கராஜ் சுவரில் அதையே செய்தேன். ஒரு கோடை மழை முடிவதற்குள் குரோம் பூச்சு தேய்ந்த இடமெல்லாம் செம்புள்ளி விழுந்துவிட்டது. திறந்த சுவர் இந்த ஊருக்கு ஆகாது என்று புரிந்த பிறகு, 2016 டிசம்பரில், சக்கரம் வைத்த ஏழு டிராயர் டூல் செஸ்ட் (கருவிப் பெட்டி) ஒன்றை வாங்கினேன்.

எட்டரை வருடம் ஓடிவிட்டது. வாங்கிய மாதத்தில் எழுதியிருந்தால் பெயிண்டைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் டிராயர் வழுக்கிக்கொண்டு திறப்பதைப் பற்றியும் எழுதியிருப்பேன். இன்று எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: எந்தக் கருவி எந்த டிராயரில் இருக்க வேண்டும் என்பது. அதை மூன்று விதமாக அடுக்கிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது அடுக்கு வெள்ளம் வந்ததால் அமைந்தது.

முதல் அடுக்கு எல்லோரும் செய்வதுதான். இனம் பிரித்து வைத்தேன். மேலே ஸ்க்ரூ டிரைவர், அடுத்து பிளேயர், அடுத்து ஸ்பேனர் சின்னதிலிருந்து பெரியது வரை, அப்புறம் சாக்கெட் (நட்டின் தலையில் தொப்பி போலக் கவிழ்வது), ராட்செட் (சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கைப்பிடி), சுத்தியல், அரம். பார்க்க அழகாக இருந்தது. வேலையில் இறங்கியதும் அதன் சிரமம் தெரிந்தது. எங்கள் பழைய டொயோட்டா கொரோலா காருக்கு முன்சக்கர பிரேக் பேட் மாற்ற வேண்டும் என்றால் 21 மி.மீ. சாக்கெட், 14 மி.மீ. ஸ்பேனர், ஒரு சி-கிளாம்ப், கம்பி பிரஷ், ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஐந்து பொருளும் ஐந்து டிராயரில். கையில் கறுப்பு மசியோடு ஒவ்வொரு டிராயராகத் திறந்து மூடி, கடைசியில் மூடச் சலித்து இரண்டு டிராயரைத் திறந்தபடியே விட்டேன். சாக்கெட்டும் ஸ்பேனரும் நிறைந்த இரண்டு டிராயர். கீழே கனமாக எதுவும் இல்லை. செஸ்ட் மெல்ல முன்பக்கம் சாயத் தொடங்கியது. தோளைக் கொடுத்து நிறுத்தினேன். பக்கத்தில் என் மகள் சைக்கிள் பம்போடு நின்றிருந்தாள். அந்த ஒரு நொடியை இன்றும் மறக்க முடியவில்லை.

காரணம் எளிது. திறந்த டிராயரின் பாரம் முன்சக்கரத்தைத் தாண்டி வெளியே தொங்குகிறது. பின்னால் இழுத்துப் பிடிக்க அடியில் கனம் இல்லையென்றால் பெட்டி கவிழ்ந்துதான் ஆக வேண்டும். ஒரு டிராயர் திறந்திருக்கும்போது இன்னொன்று திறக்காதபடி பூட்டும் அமைப்பு சில செஸ்டுகளில் உண்டு. என்னுடையதில் இல்லை. சின்னப் பிள்ளைகள் நடமாடும் வீடு என்றால் அது உள்ளதைத்தான் வாங்குங்கள்.

2018இல் இரண்டாவது அடுக்கு. இரண்டு நிற ஈவிஏ ஃபோம், அதாவது ரப்பர் போல மெத்தென்ற பஞ்சுத் தகடு, மேலே கறுப்பு, கீழே மஞ்சள். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்பில் வெட்டி எடுத்தால் காலி இடம் மஞ்சளாகத் தெரியும். கோயம்புத்தூர்ச் சுவரை டிராயருக்குள் படுக்க வைத்த மாதிரி. மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து வெட்டினேன். காணாமல் போன 10 மி.மீ. சாக்கெட் அன்று மாலையே கண்ணில் படும் என்பது உண்மையிலேயே பெரிய லாபம். அதற்காக ஃபோமை நான் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா டிராயருக்கும் ஃபோம் வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். முப்பது ஸ்பேனர் படுக்கும் டிராயரில் ஃபோம் போட்டால் பதினான்குதான் கொள்ளும். புதிதாக ஒரு கருவி வாங்கினால் அதற்கு இடமே இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஈரம். ஈவிஏ தண்ணீரை உறிஞ்சாது, சரி. ஆனால் வியர்வைக் கையோடு வைத்த ஸ்பேனருக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஈரப்படலம் தங்கிவிடுகிறது. காற்று மேலேதான் படும், அடிப்பக்கம் படாது. ஸ்பேனரை எடுத்துத் திருப்பினால் ஃபோமைத் தொட்ட கோட்டில் மட்டும் பென்சிலால் வரைந்த மாதிரி துரு இருக்கும்.

அப்புறம் 2022 ஏப்ரல் 11. அந்த இரவு பெய்த மழையைக் குவாசுலு-நட்டாலில் யாரும் மறக்க மாட்டார்கள். சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.க்கு மேல் பெய்தது. மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ப்ராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கி மாதக்கணக்கில் நின்றுபோனது. அதன் முன் எங்கள் கராஜில் முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீர் ஒன்றுமே இல்லை. ஆனால் நான் பாரம் வேண்டும் என்று அடி டிராயர்களில் வைத்திருந்தவை என்ன தெரியுமா? அரை அங்குல ராட்செட், டார்க் ரெஞ்ச் (நட்டை எவ்வளவு விசையில் முடுக்குகிறோம் என்று அளந்து காட்டுவது), பெரிய சாக்கெட் செட். பெட்டியிலேயே விலை கூடியவை.

தண்ணீர் வடிந்ததும் செய்தது இதுதான். முதலில் நல்ல தண்ணீரில் கழுவினேன். துரு வந்துவிடுமே என்று தயங்கக் கூடாது. வெள்ளச் சேற்றை உலரவிட்டால்தான் கேடு அதிகம். பிறகு துணியால் துடைத்து, வெயிலில் தகரத்தின் மேல் பரப்பி, டபிள்யூடி-40 அடித்தேன். அது தண்ணீரை விரட்டுவதற்குத்தான், காவலுக்கு அல்ல. அதன் மேல் மெஷின் ஆயில் தனியாகப் பூச வேண்டும். ராட்செட்டின் தலையைக் கழற்றிப் பார்த்தபோது பற்களுக்கு நடுவே சாக்லேட் பூசிய மாதிரி சேறு. மண்ணெண்ணெயில் கழுவி, மிகக் கொஞ்சமாக கிரீஸ் தடவி மூடினேன். இன்றும் புதிது போலச் சொடுக்குகிறது. டார்க் ரெஞ்ச் மட்டும் பிழைக்கவில்லை. அளவு நம்பமுடியாத டார்க் ரெஞ்சை வைத்து சக்கரம் முடுக்குவது தப்பு என்பதால் அதைத் தூக்கிப் போட்டேன். டிராயரின் பக்கவாட்டுத் தண்டவாளங்களில் குண்டு பேரிங் இருக்கிறது. அதற்குள் போன மணல் இரண்டு தண்டவாளங்களைத் தின்றுவிட்டது. மற்றவை கழுவியதில் தேறின.

இப்போதைய அடுக்கு அதன் பிறகு அமைந்தது. பாரம் கீழே இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுப்போவது கீழே இருக்கக் கூடாது. அதனால் அடி டிராயரில் சம்மட்டி, உளிகள், கடப்பாறைத் துண்டு, ஜாக் ஸ்டாண்ட், செயின். நனைந்தால் கம்பி பிரஷ் போட்டு எண்ணெய் தடவினால் போதும். அதற்கு மேல் பெரிய ஸ்பேனர்களும் பைப் ரெஞ்சும். மேல் மூன்று டிராயரும் கைக்கு நேராக இருப்பவை. அங்கே இனம் பிரிக்கவில்லை, வேலை பிரித்தேன்.

முதல் டிராயர் தினக் கை: இரண்டு திருப்புளி, கட்டிங் பிளேயர், அளவு நாடா, கத்தி, டெஸ்டர், 10 மி.மீ. ஸ்பேனர். வீட்டில் நடக்கும் வேலையில் பெரும்பாலானது இந்த ஒரு டிராயரோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது டிராயர் கொரோலாவுக்கு, மூன்றாவது மனைவியின் ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு. வண்டி வண்டியாகப் பிரிப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஜப்பான் வண்டியில் நட்டு, போல்ட் தலைகளின் அளவு 10, 12, 14, 17 மி.மீ. என்று போகும். ஜெர்மன் வண்டி 10, 13, 16, 18 என்று போகும், கூடவே நட்சத்திரத் தலை டார்க்ஸ் பிட்டுகளும் வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது 10 ஒன்றுதான். அதனால் 10 மி.மீ. சாக்கெட் மூன்று வாங்கினேன், டிராயருக்கு ஒன்று. இந்த இரண்டு டிராயரில் மட்டும் ஃபோம் வைத்திருக்கிறேன். செஸ்டின் மூடிக்கு உட்புறம் மார்க்கரில் எழுதி வைத்தது: கொரோலா சக்கர நட்டு 103, போலோ சக்கர போல்ட் 120 நியூட்டன் மீட்டர். புது டார்க் ரெஞ்ச் அதன் சொந்தப் பெட்டியில், மூடிக்குக் கீழே மேல்தட்டில் இருக்கிறது. வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைப்பேன், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஓய்வாக இருக்கட்டும் என்று.

2023இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது இந்த அடுக்கு எவ்வளவு உதவியது என்று தெரிந்தது. ஒரு நாளில் மூன்று நான்கு முறை மின்சாரம் போகும். இருட்டில் போலோவின் பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்த ஒரு இரவு, பக்கத்து வீட்டு அங்கிள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிப் பார்க்காமலே மூன்றாவது டிராயரைத் திறந்து, இடது ஓரத்தில் விரலை வைத்து 10 மி.மீ. சாக்கெட்டை எடுத்தேன். "கண்ணு வேணாம் தம்பி, கை பார்க்குது" என்றார்.

அங்கிள் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1860இல் தொடங்கிய கரும்புத் தோட்டக் குடியேற்றத்தில் வந்தவர்களின் பேரன் வழி. வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், உறவும் சமையலும் சாமியும் மட்டும் தமிழில் வரும். அவருடைய அப்பாவின் விட்வொர்த் ஸ்பேனர்கள் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஆறை எனக்குக் கொடுத்திருக்கிறார். அவற்றில் 1/2 என்று பொறித்திருந்தால் அது போல்ட் மரையின் விட்டம், தலையின் அகலம் அல்ல. தெரியாதவர் கையில் எடுத்தால் எதிலும் பொருந்தவில்லையே என்று குழம்பிப்போவார். அவற்றை மில்லிமீட்டர் ஸ்பேனர்களோடு கலக்காமல் எண்ணெய்த் துணியில் சுற்றி நான்காவது டிராயரின் பின்பக்கம் தனியாக வைத்திருக்கிறேன்.

துருவுக்கு அவர் சொன்ன வைத்தியம் கற்பூரம். "கற்பூரம் போடு தம்பி, எங்க அப்பா போட்டது" என்றார். பழைய கடைசல்காரர்கள் கருவிப் பெட்டியில் கற்பூரம் வைப்பது உண்டுதான். நானும் டிராயருக்கு ஒரு வில்லை போடுகிறேன், அது கரைந்து போனதும் புதிதாக வைக்கிறேன். கூடவே விசிஐ காகிதமும் (துருவைத் தடுக்கும் ஆவி விடும் காகிதம்) ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையும் இருக்கின்றன. அதனால் முழுப் பெருமையையும் கற்பூரத்துக்குக் கொடுக்க மாட்டேன். சிலிக்கா ஜெல்லை மாதம் ஒரு முறையாவது ஓவன் அடுப்பில் காயவைக்க வேண்டும். டர்பன் பிப்ரவரியில் அது இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். அரங்களுக்கு எண்ணெய் வேண்டாம், பல்லுக்குள் தூசியை ஒட்ட வைக்கும். விசிஐ காகிதத்தில் சுற்றினால் போதும்.

இனி பெட்டியைப் பற்றி. அதோடு வந்த மெல்லிய பிவிசி விரிப்பு மோசம். வெயில் காலத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியோடு ஒட்டிப் பிசுபிசுத்தது. உடனே மாற்றினேன். சக்கரங்கள் கெட்டிப் பிளாஸ்டிக். பாரத்தோடு ஒரே இடத்தில் நின்று தட்டையாகிவிட்டன. சக்கரம் எங்களுக்கு முக்கியம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, இங்கே போரிட்ஜ் பிரேயர் என்பார்கள், பெரிய அண்டாக்கள் ஏறுவது எங்கள் கராஜில்தான். செஸ்டை டிரைவ்வேக்குத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடி, மறுநாள் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டும். 2019இல் பாலியூரித்தேன் சக்கரம் மாற்றிய பிறகு என் மகள் ஒருத்தியே தள்ளுகிறாள். தகரம் திடமானது, பெயிண்ட் இன்னும் உரியவில்லை, வெள்ளக் கோடு மட்டும் அடியில் மங்கலாகத் தெரிகிறது. பூட்டு இன்றுவரை தகராறு செய்ததில்லை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒன்று செய்யுங்கள். ஒரு டிராயரை முழுக்க வெளியே இழுத்து, முன் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து நன்றாக அழுத்துங்கள். தண்டவாளம் வளைந்து கொடுத்தால் அந்தப் பெட்டி வேண்டாம். ஒரு டிராயர் 45 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது டிராயருக்கான கணக்கு, பெட்டி கவிழாது என்பதற்கான உறுதி அல்ல. தண்டவாளத்தைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். என்னுடையதில் முடிந்தது. வெள்ளத்தில் போன இரண்டையும் மாற்றி, அதே பெட்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.