துப்பாக்கி இருப்பதை நாமே சொல்லணுமா, கேட்டால் சொன்னால் போதுமா: மிச்சிகனும் ஒஹாயோவும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலீடோவில் குடியிருந்தால் ஐ-75 நெடுஞ்சாலை ஏறிக் கொஞ்ச நேரத்தில் மிச்சிகன் மாநிலம் வந்துவிடும். ஒஹாயோக்காரர்கள் கையில் இருக்கும், துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்ஸ் அங்கேயும் செல்லும், ஆனால் விதி மட்டும் எல்லையைத் தாண்டியதும் அந்த ஊர் விதிதான்.

மிச்சிகனில் போலீஸ் வண்டியை நிறுத்தினால், துப்பாக்கி இடுப்பில் இருந்தாலும் சரி, வண்டிக்குள் இருந்தாலும் சரி, அவர் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது, நாமே உடனடியாகச் சொல்ல வேண்டும். தவறினால் முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம் வரலாம். ஒஹாயோவில் 2022 ஜூன் 13 முதல் கேட்டால் சொன்னால் போதும், கேட்டும் மறைத்தால்தான் குற்றம்.

என் ஓட்டு ஒஹாயோவுக்குத்தான். காரணம் ஒன்றே ஒன்று: 'உடனடி' எப்போது முடிகிறது என்று முடிவு செய்வது யார்? கண்ணாடியை இறக்கியதுமா, அவர் பேசி முடித்த பிறகா, அவர் பின்சீட்டில் இருப்பவரை விசாரித்துக்கொண்டிருந்தால் குறுக்கே பேசலாமா? ஒஹாயோவிலேயே, நாமே உடனே சொல்ல வேண்டும் என்ற பழைய சட்டம் இருந்த காலத்தில், 2011-ல் கேண்டன் நகரில் நடந்தது வீடியோவாக வெளிவந்தது. ஓட்டுநர் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் போலீஸ்காரர் அடக்கிவிட்டார், அப்புறம் துப்பாக்கி இருப்பது தெரிந்ததும் கொன்றிருப்பேன் என்கிற அளவுக்கு மிரட்டி, நேரத்தோடு சொல்லவில்லை என்று வழக்கும் போட்டார். வழக்கு பிறகு தள்ளுபடியானது, உண்மைதான். ஆனால் அன்றைய சட்டத்தில் அது ஆறு மாதம் வரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய குற்றம். கேள்வி கேட்டால் பதில் என்று வைத்துவிட்டால் இந்த இழுபறியே கிடையாது, கேட்டாரா இல்லையா என்பது, போலீஸ்காரரிடம் பாடி கேமரா இருந்தால் அதில் பதிவாகியிருக்கும்.

முன்கூட்டியே சொன்னால் போலீஸ்காரருக்குப் பதற்றம் குறையும் என்பார்கள். குறையலாம். ஆனால் 2016 ஜூலையில் மினசோட்டாவில் போலீஸ் நிறுத்திய ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற ஓட்டுநர் அப்படித்தான் கேட்காமலே, மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் போலீஸ் அதிகாரி ஏழு குண்டுகள் சுட்டு அவரைக் கொன்றார். அடுத்த வருடம் அந்த அதிகாரி விடுதலையானார்.

ஒஹாயோ முறையிலும் ஓட்டை இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர் என்றால் ரோந்து வண்டிக் கம்ப்யூட்டரிலேயே தெரிந்துவிடும், ஆனால் அதே 2022 சட்டம் லைசென்ஸ் இல்லாமலும் மறைத்து எடுத்துச்செல்ல அனுமதித்துவிட்டதால், அவர்களைப் பற்றி அதில் எதுவும் வராது. போலீஸ் சங்கம் அந்தச் சட்டத்தை எதிர்த்ததில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. மிச்சிகனில் என்னை இதுவரை யாரும் நிறுத்தியதும் இல்லை, அங்கே நடைமுறையில் எவ்வளவு கெடுபிடி என்று அனுபவத்தில் பேச எனக்குத் தகுதியில்லை.

அதனால் அந்தப் பக்கம் போகும்போது சட்டப்படிதான்: உள் விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, வணக்கம் சொன்ன கையோடு முதலில் "லைசென்ஸ் இருக்கிறது", அப்புறம்தான் "துப்பாக்கி இருக்கிறது", அதற்கு மேல் அவர் சொல்லாமல் கையை நகர்த்துவதில்லை. எடுத்த எடுப்பில் துப்பாக்கி என்று ஆரம்பிக்காதீர்கள். பர்ஸும் துப்பாக்கி உறையும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒன்றை இன்றைக்கே மாற்றிவிடுங்கள், அது எந்த மாநிலமானாலும்.