டைல்ஸ் தரையும் பெடல் மெஷினும்: இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு

விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தென்னாப்பிரிக்கா டர்பனில் பீனிக்ஸ் பகுதி அக்கா ஒருவர் கேட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மிதிக்கிற சின்னப் பெடல் மெஷினைத்தான். அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார்கள். புரட்டாசிக்குள் பூஜையில் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மெஷின் எல்லாரும் பார்த்ததுதான்: இரும்புச் சட்டம், இரண்டு பெடல், இறுக்கம் கூட்ட மேலே ஒரு திருகு, பட்டன் பேட்டரி போட்ட மீட்டர். அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் தரையைப் பற்றித்தான்.

டர்பன் பக்கம் பாதி வீடுகளில் டைல்ஸ். டைல்ஸில் இந்த மெஷின் நிற்கவே நிற்காது. ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் ஓடும். வெறும் எரிச்சல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓடிய மெஷினைப் பிடிக்க மிதிப்பவர் நாற்காலி நுனிக்கு நகர்வார், இல்லையென்றால் குனிந்து கையால் இழுப்பார். பின்பக்கமாகக் கீறி ஆபரேஷன் செய்துகொண்டவர்களை 6 முதல் 12 வாரம் வரை சர்ஜன் எச்சரிப்பது அந்தக் குனிவைத்தான்: இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் மூட்டு நழுவலாம். அட்டைப் பெட்டியில் ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே மிதிக்கிறார். இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

கம்பளம் போட்டால் கம்பளத்தோடு சேர்ந்து ஓடும். சுவரில் முட்டவைத்தால் மெஷின் நிற்கும், நாற்காலி பின்னால் போகும். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கால் வளையவும் செய்யும். சரியான வழி இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பது. மெஷினின் பின் சட்டத்தையும் நாற்காலியின் முன்கால்களையும் நீளாத நைலான் பட்டையால் கட்டுங்கள். பெட்டி கட்டுகிற லக்கேஜ் பட்டை போதும், எலாஸ்டிக் உதவாது. காலின் தள்ளல் அந்தக் கட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அடியில் ரப்பர் மேட் இருந்தால் இன்னும் நல்லது. கட்டுவதும் அவிழ்ப்பதும் வீட்டில் வேறு யாராவது செய்ய வேண்டும். எழுவதற்கு முன் மெஷினை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கால் தடுக்கும்.

நாற்காலி கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலியாக இருக்கட்டும். பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. உயர்ந்தால் கெட்டியான குஷன் போடுங்கள், முதுகைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், அல்லது மெஷினைத் தள்ளி வையுங்கள். ரொம்பவும் தள்ளிவிடாதீர்கள். பெடல் தூரத்தில் இருக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும்.

அடுத்த கோபம் பெடல் பட்டை. அதை மாட்டக் குனிய வேண்டும். ஆபரேஷன் ஆன இடுப்புக்கு என்று விற்கிற சாமானில் இப்படி ஒரு யோசனை! பாதம் நுழையும் அளவுக்கு வளையமாக முன்கூட்டியே மாட்டிவைத்து, குதிகால் மூடிய செருப்போடு நுழைத்துக்கொள்வதுதான் வழி.

நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். நல்ல கால் மிதிக்க, விறைத்த கால் சும்மாவே சுற்றி வருகிறது. வேறு எந்தப் பயிற்சியிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காத சுகம் இது. முழுச் சுற்று வரவில்லையா, அரைவட்டமாக முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். சிலருக்குப் பின்னோக்கி மிதிப்பது முதலில் சுலபமாக வரும். திருகை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இப்போது வேண்டியது அசைவு, பலம் பிறகு. பிஸியோ சம்மதித்த பிறகு ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை. லோட்ஷெடிங்கில் கரண்ட் போனாலும் கவலையில்லை. திருகுக்குக் கீழே உராயும் பட்டை இறுக்கி மிதித்தால் சுடும், கீச்சிடும். அதில் எண்ணெய் விடாதீர்கள். பிடிமானம் போய் விட்டுவிட்டு இழுக்கும். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், தொடை இடுக்கில் திடீர் வலி, காயத்தில் கசிவு என்றால் அன்றே டாக்டர்.

புரட்டாசிக் கேள்விக்கு வருகிறேன். இது எவ்வளவு மிதித்தாலும் சம்மணம் வராது. பெடல் தருவது முன்னும் பின்னுமான மடக்கல் மட்டும். சம்மணத்துக்குத் தொடை விரிய வேண்டும், வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். முன்பக்கமாகக் கீறியவர்களுக்கு முதலில் வெளிப்பக்கம் திருப்பவே கூடாது என்று சொல்லியிருக்கலாம். எந்தப் பக்கம் கீறினார்கள் என்று கேட்டுக்கொண்டு, பிஸியோவிடமும் பிறகு பயோகைனட்டிஸ்டிடமும் (உடற்பயிற்சி மூலம் தேற்றுகிறவர்) தனியாகப் பழக வேண்டியது அது. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு மாதிரி) எவ்வளவு கொடுக்கும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தரையில் உட்காருவதைவிட இறங்குவதும் எழுவதும்தான் ஆபத்து. இந்த வருஷம் நாற்காலியிலேயே பூஜை நடக்கட்டும், சாமி கோபிக்காது.

இவ்வளவு சொல்லிவிட்டும் சொல்கிறேன்: வாங்காதீர்கள் அக்கா. சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் யாராவது ஒருவர் கராஜில் இது தூசி படிந்து கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அந்தக் காசை நாற்காலியில் போடுங்கள். இரவல் வாங்கும்போது இடது பெடலை ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். அதன் மரை பெரும்பாலும் எதிர்த் திசையில் இருக்கும். தெரியாதவர்கள் வலது பக்கம் மாதிரியே முறுக்கி மரையைத் தின்னவைத்திருப்பார்கள். ஆட்டம் இருந்தால் அடுத்த கராஜைப் பாருங்கள்.