பிரெஞ்சு வரலாற்றுத் தேடலுக்குக் காலிகா: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பிரெஞ்சு வரலாற்றில் எதைத் தேடினாலும் முதலில் திறக்க வேண்டிய தளம் காலிகா. பிரான்ஸ் தேசிய நூலகம் 1997-இல் தொடங்கிய மின்னூலகம் இது. புத்தகம், நாளிதழ், வரைபடம், கையெழுத்துப் பிரதி, நாணயம், புகைப்படம் என்று சேர்த்தால் ஒரு கோடியைத் தாண்டும். கட்டணம் இல்லை, படிப்பதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். இதற்கு ஈடான இலவச நூலகங்கள் உலகில் மிகக் குறைவு. அப்படியிருந்தும் பலர் இரண்டு சொல்லை அடித்துப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று மூடிவிடுகிறார்கள். பெரும்பாலும் தேடியது அங்கேதான் இருக்கும்.

காரணம் இதுதான். நாம் தேடுவது அச்சிட்ட பக்கத்தில் அல்ல, அந்தப் பக்கத்தின் படத்தைக் கணினி வாசித்து எழுதிவைத்த பிரதியில். 1800-க்கு முந்தைய அச்சில், சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் 'எஸ்' நீண்டு, 'எஃப்' போலவே தெரியும். கணினி பல இடங்களில் அதை 'எஃப்' என்றே எழுதிவைத்திருக்கும். ஆகவே 18-ஆம் நூற்றாண்டு நூல்களில் தேடும்போது, 'எஸ்' உள்ள எந்தச் சொல்லையும் 'எஃப்' போட்டு இன்னொரு முறை தேடுங்கள்.

அடுத்தது பழைய எழுத்துக்கூட்டல். இன்று 'ஏ', 'ஐ' (ai) என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும் பல இடங்களில் அன்று 'ஓ', 'ஐ' (oi) போட்டார்கள். 'பிரெஞ்சு' என்பதற்கான 'பிரான்சே' (français) என்று தேடினால் வராதது, 'பிரான்சுவா' (françois) என்று தேடினால் வரும். 'குழந்தைகள்' என்பதற்கான 'ஆன்ஃபான்' போன்ற பன்மைச் சொற்களில் கடைசி 'எஸ்'-க்கு முன்னால் உள்ள 'டி' இருக்காது. பிரெஞ்சு அகாதெமி 1835-இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பு அகராதிதான் இன்றைய வடிவத்தை உறுதியாக்கியது. 1835-க்கு முந்தைய நூல் என்றால் இரண்டு வடிவத்தையும் போட்டுப் பார்ப்பதே முறை.

படத்துக்குப் பதில் கணினி வாசித்த எழுத்தைக் காட்டும் எழுத்து வடிவப் பார்வைக்கு மாறினால், கணினி வாசிப்பு எத்தனை சதவீதம் சரி என்ற மதிப்பீடு பல நூல்களில் காட்டப்படும். அதை முதலில் பாருங்கள். எண் குறைவாக இருந்தால் சொல்தேடலை நம்பாமல், உள்ளடக்கப் பக்கத்தைப் பிடித்து நேரடியாகப் புரட்டுவதே விரைவு. வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போன சொல்லும் தேடலில் தப்பிவிடும். கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலும் எழுத்து வடிவமே இருக்காது. பட்டியல் குறிப்பில் உள்ள சொற்களைக் கொண்டுதான் அவற்றை எட்ட முடியும்.

இன்னொரு குழப்பம் பக்க எண். தளம் காட்டுவது படத்தின் வரிசை எண். நூலில் அச்சான பக்க எண் வேறு. மேற்கோள் குறிக்கும்போது அச்சு எண்ணை எழுதி, கூடவே ஒவ்வொரு ஆவணத்துக்கும் உள்ள ஆர்க் என்ற நிரந்தர முகவரியைச் சேர்த்துவிடுங்கள். முகவரிப் பட்டையில் இருக்கும் தேடல் இணைப்பை அப்படியே எடுத்து ஒட்டினால் வாசகருக்கு அது பயன்படாமல் போகலாம்.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குக் காலிகா போதாது. அவர்கள் மாவட்ட ஆவணக் காப்பகங்களின் தளங்களுக்குப் போக வேண்டும், பெரும்பாலானவை இலவசம். முதலில் ஊரைத் தேர்ந்து, பத்துப் பத்து ஆண்டுகளாகத் தொகுத்த பெயர்ப் பட்டியலான பத்தாண்டு அட்டவணையில் பெயரும் தேதியும் பிடித்து, அதன் பிறகே பதிவேட்டைத் திறக்க வேண்டும். இங்கே, 1792 செப்டம்பரிலிருந்து ஆண்டை எண்ணும் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி தடுக்கி விழ வைக்கும். 1793 முதல் 1805 முடிய பதிவேடுகள் ஜனவரியில் தொடங்குவதில்லை. செப்டம்பர் 22, 23, 24 ஆகிய மூன்றில் ஒரு நாளில்தான் ஆண்டு பிறக்கும். எட்டாம் ஆண்டுப் பதிவேடு என்றால் 1799 செப்டம்பரிலிருந்து 1800 செப்டம்பர் வரை. எட்டாம் ஆண்டு புரூமேர் என்ற மாதத்தின் 18-ஆம் நாள் என்பது 1799 நவம்பர் 9. அந்தத் தேதிகளை இன்றைய தேதிகளாக மாற்றும் பட்டியல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்தப் பதிவேடுகளில் இறங்க வேண்டாம்.

பாரிஸ் தனிக் கதை. 1871 மே மாதத் தீயில் நகர மண்டபமும் நீதி மாளிகையும் எரிந்தபோது, 1860-க்கு முந்தைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் இரண்டு பிரதிகளுமே சாம்பலாயின. பிற்பாடு மீட்டெழுதியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அங்கே பெயர் கிடைக்காவிட்டால், அந்த ஆள் பாரிஸில் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் பதிவேடுகளுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப்பகுதி ஆவணக் காப்பகத்தின் தளம். இடத்தையும் ஆண்டையும் தேர்ந்து படங்களைப் புரட்ட வேண்டும், பொறுமை தேவை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, தங்கள் சமயம், சாதி வழக்கப்படியான தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அதனால் அதற்கு முன்பு ஒரு பெயரிலும் பின்பு வேறு பெயரிலும் ஒரே ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' தளம் அருமை. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள். அட்டையில் படைப்பிரிவின் எண் இருக்கும். அதை வைத்து அதே தளத்தில் அந்தப் பிரிவின் போர்நாட்குறிப்பைத் திறந்தால், அவர் இறந்த நாளன்று பிரிவு எங்கே இருந்தது என்பது வரை தெரிந்துவிடும். ஆய்விதழ்களுக்கு 2005-இல் தொடங்கிய பெர்ஸே என்ற தளம். இலவசம், கணினி வாசிப்பும் தரமானது. 'ரெத்ரோநியூஸ்' தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளம். நுட்பமான தேடலுக்குச் சந்தா கட்ட வேண்டும். அதிலுள்ள பல இதழ்கள் காலிகாவிலும் இருப்பதால், கட்டுவதற்கு முன் அங்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

காலிகாவிலிருந்து படம் எடுத்துக் கட்டுரையில் போடலாம். வணிக நோக்கமில்லாத பயன்பாடு இலவசம். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். விற்பனைக்குப் போகும் புத்தகத்தில் போடுவதென்றால் உரிமத்துக்குக் கட்டணம் உண்டா என்பதை அச்சுக்கு அனுப்பும் முன்பே நூலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள்.